பாதி வழியில் ஒரு நேர்ச்சை

மழை என்றால் எங்கள் ஊரில் யாரும் முகம் சுளிப்பதில்லை. துடியலூரில் நின்று மேற்கே பார்த்தால் மலை முகட்டில் மேகம் இறங்குவது தெரியும். உடனே தெருவில் ஒருவர், “இன்னைக்கு வந்துருமுங்க” என்பார். கேட்பவர் முகம் மலரும். கிணறும் ஆழ்குழாயும் வற்றிய கோடைகளை அறிந்தவர்கள் நாங்கள். மழை வேண்டித் திருப்பலி ஒப்புக்கொடுத்த ஆண்டுகள் எங்களுக்குப் பல உண்டு. மழை நிற்க வேண்டும் என்று மன்றாடிய நாள் ஒன்றே ஒன்றுதான். அது 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள். திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. அன்று நாங்கள் முத்துக்குளித்துறைக் கடற்கரையில், மணப்பாட்டில் இருந்தோம்.

நாங்கள் ஐவர். ஒரே பங்கு, ஒரே அன்பியம். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். இருவர் தோட்டம் வைத்திருப்பவர்கள். ஒருவர் மளிகைக் கடைக்காரர். எல்லாருக்கும் மூத்தவர், நாற்பது ஆண்டுகள் மோட்டார் பட்டறையில் உழைத்தவர். அவரை நாங்கள் ‘அண்ணா’ என்றே அழைப்போம். இந்தப் பயணமும் அவர் பொருட்டே ஏற்பட்டது.

2021-ஆம் ஆண்டின் கோடையில், கொரோனாவின் இரண்டாம் அலையில், அண்ணாவின் துணைவியார் பதினெட்டு நாள்கள் உயிருக்குப் போராடினார். மருத்துவமனைக்கு வெளியே, வேப்பமரத்தடியில், உள்ளே போக இயலாமல் நின்ற ஓர் இரவில் அண்ணா ஒன்று நேர்ந்துகொண்டார். அக்கா பிழைத்து வந்தால், உவரி அந்தோனியார் திருத்தலத்திலிருந்து புறப்பட்டு, சவேரியார் நடந்த மணப்பாட்டுக் கரை வழியாக, வீரபாண்டியன்பட்டினம் தோமையார் ஆலயம் வரை கால்நடையாகவே வருவது. அக்கா பிழைத்தார். நடையோ முழங்கால் வலியாலும் வேலையாலும் இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போயிற்று. தள்ளிப்போக, தள்ளிப்போக, அந்த நேர்த்திக்கடன் வட்டி ஏறும் கடனைப்போல் அவர் மனத்தை அழுத்தத் தொடங்கிற்று. அவருக்குத் துணையாக நாங்கள் நால்வரும் சேர்ந்துகொண்டோம். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், எங்களுள் சிலருக்குக் கடல் பார்க்கும் ஆசையும் இருந்தது. மலையடிவாரத்துக்காரர்களுக்குக் கடல் என்றும் ஒரு திருவிழாதானே!

வெள்ளிக்கிழமை இரவு கோவையில் இரயிலேறி, சனிக்கிழமை காலை நாகர்கோவிலில் இறங்கி, பேருந்தில் உவரி சேர்ந்தோம். அந்தோனியார் திருமுன் மண்டியிட்டு எழுந்து, கப்பல் வடிவில் அமைந்த மாதா கோவிலையும் கண்டு, வடகிழக்கு நோக்கி நடக்கத் தொடங்கினோம். வானம் சாம்பல் பூத்திருந்தது. காற்று முகத்தில் அடித்தது. ஒரு பக்கம் கடல்; மறுபக்கம் பனைமரங்களும், அவற்றுக்கு அப்பால் தேரிக்காட்டின் செம்மணலும். கரையில் இழுத்துப் போட்டிருந்த வல்லங்கள் வழக்கத்தைவிட உயரே ஏற்றப்பட்டிருந்தன. அதன் பொருள் எங்களுக்கு அன்று விளங்கவில்லை. படம் எடுத்துக்கொண்டோம்.

பெரியதாழையில் நண்பகல் உணவு. கூடவே முதல் தூறல். மணப்பாட்டுக் குன்றின்மேல் திருச்சிலுவை ஆலயத்தைத் தொலைவில் கண்டபோது மாலை மங்கிவிட்டது. இருபது கிலோமீட்டருக்கு மேல் நடந்த கால்கள் மணலில் புதைந்து புதைந்து எழுந்தன. அண்ணா ஒருமுறைகூட உட்காரவில்லை. “பாதி தீந்துதுங்க” என்றார். அவர் முகத்தில் அவ்வளவு நிறைவை நாங்கள் நெடுநாளாகக் கண்டதில்லை.

அந்த ஆலயமே ஒரு நேர்ச்சையால் எழுந்தது என்பது மரபு. 1540-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்று புயலில் சிக்கிப் பாய்மரம் முறிந்தது. உயிர் பிழைத்துக் கரை சேர்ந்தால் அந்த மரத்திலேயே சிலுவை செய்து நாட்டுவதாகக் கப்பல் தலைவர் நேர்ந்துகொண்டார். கப்பல் மணப்பாட்டில் ஒதுங்கியது. குன்றின்மேல் சிலுவை நின்றது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1542-இல், இக்கரைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் அதன் அருகிலுள்ள குகையில் தங்கிச் செபித்தார் என்பர். இன்றுள்ள திருச்சிலுவை ஆலயம் 1581-இல் கட்டப்பட்டது. இவற்றை எங்கள் ஆசிரிய நண்பர் சொல்லக் கேட்ட அண்ணா, “பாத்தீங்ளா, நேந்துக்கிட்டா செஞ்சே தீரோணும்” என்றார். யாரும் மறுக்கவில்லை. மறுத்திருக்க வேண்டிய வேளை மறுநாள் காலையில் வந்தது.

விடியுமுன்பே மழை கொட்டத் தொடங்கிவிட்டது. ஞாயிறு திருப்பலியில் குருவானவர் மகிழ்ச்சியின் ஞாயிற்றுக்குரிய ரோஜா நிறத் திருவுடை அணிந்திருந்தார். மறையுரையில் மகிழ்ச்சியைப்பற்றி அவர் பேசியவற்றுள் பாதி மழை இரைச்சலில் எங்களுக்கு எட்டவில்லை. திருப்பலி முடிந்ததும், இன்று கரையில் யாரும் இறங்க வேண்டா, கனமழை எச்சரிக்கை இருக்கிறது என்று அறிவித்தார். அது மட்டும் தெளிவாகவே கேட்டது.

வாயிலில் நின்று கலந்து பேசினோம். கடைக்கார நண்பர் பேருந்தில் போய்விடலாம் என்றார். அண்ணா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “நீங்க வண்டியில வாங்க. நா நடந்தே வர்றேன். சாமிக்குச் சொன்ன சொல்லுங்க” என்று இறங்கிவிட்டார். அறுபத்தேழு வயதுக்காரரைத் தனியே விடுவதா? நாங்களும் பின்னே நடந்தோம். இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எங்களை அப்போது நடத்தியது பக்தி அன்று. நண்பர் முன் கோழை எனப்படக் கூடாதே என்னும் கூச்சம். நால்வருள் ஒருவராவது அவர் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். ஒருவரும் செய்யவில்லை.

ஊரை அடுத்துக் கரமனையாறு கடலில் கலக்கும் கழிமுகம் உண்டு. முந்தைய மாலை அங்கே சிறுவர்கள் கணுக்கால் நீரில் ஓடி விளையாடியதைப் பார்த்திருந்தோம். அந்த நினைவே எங்களை ஏமாற்றியது. இப்போது தேரிமண் கரைந்த செந்நீர் கடலை நோக்கிப் புரண்டுகொண்டிருந்தது. கடலோ அதை ஏற்காமல் அலையை உள்ளே தள்ளியது. இரண்டும் மோதும் இடத்தில் மணல்திட்டு கண்ணெதிரே இடிந்து விழுந்தது. அண்ணா கோலை ஊன்றி ஓர் அடி வைத்தார். இரண்டாம் அடியில் காலடி மணல் கரைந்து, தொடைவரை நீரில் இறங்கினார். கோல் போய்விட்டது. தோட்டக்கார நண்பர் அவர் சட்டையைப் பிடிக்க, அவரை நாங்கள் பிடிக்க, எல்லாரும் சேற்றில் விழுந்தோம்.

அந்நேரம் மழைக்குள் ஒரு கூக்குரல் கேட்டது. முதியவர் ஒருவர் இரண்டு இளைஞர்களோடு ஓடிவந்தார். தலையில் பாலித்தீன் சாக்கு. வந்தவர் முதலில் ஒன்றும் பேசவில்லை. அண்ணாவின் இரு தோள்களையும் பற்றி மேலே இழுத்துப் போட்டார். பிறகுதான் சத்தமிட்டார்.

“என்ன அண்ணாச்சி, சாவதுக்கா வந்திய?”

“நேர்த்திக்கடனுங்க” என்றார் அண்ணா, மூச்சிரைக்க.

முதியவர் சற்று நேரம் அவரையே பார்த்தார். பிறகு குரல் தணிந்தது. “நேர்ச்சையா? நல்லது. பயமில்லாதவன் கடலுக்குப் போவக் கூடாதுன்னு எங்க அப்பா சொல்லுவாரு. ஒக்கி அடிச்சப்ப போனவுங்கள்ல எத்தனை பேரு திரும்பல! அவுங்க எல்லாம் சோத்துக்குப் போனவுங்க. ஒங்களுக்கு என்ன, கரையில நிக்க எடம் இருக்குல்லா? நில்லுங்க.”

2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலைப்பற்றிக் கோவையில் இருந்த நாங்கள் செய்தித்தாளில் படித்தோம், இரங்கினோம், மறந்தோம். அவரோ ஆறு ஆண்டுகளுக்குப் பின்னும் நேற்று நடந்ததைப்போல் பேசினார். உயரே ஏற்றப்பட்டிருந்த வல்லங்களின் பொருள் அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று.

திரும்பினோம். திரும்பும் வழியெல்லாம் அண்ணா பேசவில்லை. மாலையில் மழை சற்றே தணிந்தாற்போல் இருந்தபோது சவேரியார் குகைக்குப் போக வேண்டும் என்றார். முதியவர் அனுப்பிய இளைஞர் ஒருவர் துணையோடு போனோம். குகைக்குள் குனிந்து நின்றோம். வெளியே கடல் முழங்கியது. அங்கேதான் எங்கள் ஆசிரிய நண்பர், சவேரியார் 1544-இல் தம் உடனுழைப்பாளருக்கு எழுதிய மடல்களைப்பற்றிச் சொன்னார்.

அந்த ஆண்டு குமரிமுனைப் பகுதி மீனவக் கிறிஸ்தவர்கள் வடுகப் படையினரின் தாக்குதலுக்கு அஞ்சி, வீடு வாசலை விட்டுக் கடலிலுள்ள பாறைகளில் ஏறி ஒதுங்கினர். உண்ண உணவில்லை; குடிக்க நீரில்லை. செய்தி அறிந்த சவேரியார் ஜூன் மாதத்தில் இருபது தோணிகளில் உணவுப் பொருள்களை ஏற்றிக்கொண்டு மணப்பாட்டிலிருந்து புறப்பட்டார். காற்று எதிர்த்தது. துடுப்பு வலித்தும், கயிறு கட்டி இழுத்தும் குமரிமுனையை அடைய இயலவில்லை. மணப்பாட்டுக்கே திரும்பி வந்தார். திரும்பியதை மறைக்காமல் மடலில் எழுதினார். காற்றுத் தணிந்ததும் மீண்டும் முயல்வதாகவும் எழுதினார். அதன்பின் தரை வழியே கால்நடையாகச் சென்று அம்மக்களைச் சந்தித்ததை ஆகஸ்டு மாத மடலில் காண்கிறோம்.

“சவேரியாரே திரும்பி வந்தாருங்களா?” என்று கேட்டார் அண்ணா.

“வந்தாருங்க. இதே ஊருக்கு.”

அண்ணா குகைச் சுவரைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார். நாங்கள் அறிந்த புனிதரின் படங்களிலெல்லாம் அவர் சிலுவையை உயர்த்தியபடி முன்னேறிச் செல்பவர். காற்றுக்குத் தோற்றுத் தோணியைத் திருப்பிய சவேரியாரை எந்தச் சுரூபத்திலும் நாங்கள் பார்த்ததில்லை. அன்று அந்தச் சவேரியாரே எங்களுக்கு நெருக்கமானவராகத் தோன்றினார்.

இரவில் மழை மீண்டும் வலுத்தது. குமரிக்கடல் பகுதியில் நிலைகொண்ட மேலடுக்குச் சுழற்சியே காரணம் என்று பின்னர் அறிந்தோம். பெயர் சூட்டப்பட்ட புயல்கூட அன்று அது. ஆயினும் எங்களுக்கு வடக்கே, திருச்செந்தூரை அடுத்த காயல்பட்டினத்தில், திங்கள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. எங்கள் கோவையில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட அது மிகுதி. தாமிரபரணி கரை கடந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னை நோக்கிப் புறப்பட்ட செந்தூர் விரைவு இரயில், இருப்புப் பாதையின் அடிமண் அரிக்கப்பட்டதால், ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. அருகிலிருந்த சிற்றூர் மக்கள் தம் வீட்டு அரிசியைப் போட்டு அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தனர். கடந்திருந்தால் நாங்கள் அந்த வெள்ளத்தின் நடுவேதான் நின்றிருப்போம்.

மின்சாரம் போயிற்று, கைபேசிகள் ஊமையாயின, சாலைகள் துண்டிக்கப்பட்டன. தாழ்வான இடத்து வீடுகளில் நீர் புகுந்தது. முதியோரையும் குழந்தைகளையும் மேட்டிலிருந்த கூடத்திற்கு இளைஞர்கள் தூக்கி வந்தனர். எங்களுக்கும் அங்கேதான் இடம். விருந்தாளிகள் என்று எங்களுக்கே முதலில் கஞ்சி கொடுத்தார்கள். வெட்கமாயிருந்தது. மளிகைக் கடை நண்பர் எழுந்து அரிசி அளக்கப் போனார். ஆசிரியர் பிள்ளைகளுக்குக் கதை சொன்னார். தோட்டக்காரர்கள் இருவரும் மண்வெட்டியோடு வாய்க்கால் வெட்டப் போனார்கள்.

அண்ணா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அப்போது இளைஞர்கள் டீசல் பம்பு ஒன்றை உருட்டிவந்தனர். வீடுகளில் தேங்கிய நீரை இறைக்க வேண்டும். எவ்வளவு சுழற்றியும் அது நீர் ஏற்ற மறுத்தது. அண்ணா தலை நிமிர்ந்தார். “கொண்டாங்க பாக்கலாம்” என்றார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் டீசல் குழாயில் ஏறியிருந்த காற்றை வெளியேற்றினார். உறிஞ்சு குழாயின் அடியிலுள்ள புட்வால்வைக் கழற்றினார். அதன் வாசர் கிழிந்திருந்தது. தம் இரப்பர்ச் செருப்பில் ஒன்றை எடுத்து, அதன் அடியை வட்டமாக அறுத்து வாசராகப் பொருத்தினார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. பம்பு இருமிற்று, பின் ஓடிற்று. குழாயின் வாயிலிருந்து நீர் பாய்ந்தபோது கூடத்தில் பெண்கள் மாதாவை வாழ்த்திக் குரல் எழுப்பினர். அந்தப் பம்போடு அவர் திங்கள் முழுவதும், செவ்வாய் முழுவதும் வீடு வீடாகப் போனார். நேர்ச்சைக்காகத் தேய வேண்டிய செருப்பு அந்த வால்வில் தேய்ந்தது. அவர் வெறுங்காலோடு நடந்தார்.

புதன்கிழமை தெற்கு வழி திறந்தது. வந்த வழியே நாகர்கோவில் சென்று ஊர் திரும்பினோம்.

ஊரில் நடந்ததை அதன் பிறகே அறிந்தோம். ஞாயிறு இரவு முதல் எங்களிடமிருந்து செய்தி இல்லை. தொலைக்காட்சியில் வெள்ளத்தில் நிற்கும் இரயிலைக் கண்ட எங்கள் குடும்பத்தார், நாங்கள் அதில்தான் இருப்போம் என்று எண்ணியிருக்கிறார்கள். இல்லை என்று தெரிந்தபின் இன்னும் மோசமாக எண்ணியிருக்கிறார்கள். அண்ணாவின் துணைவியார் இரண்டு இரவுகள் செபமாலையும் கையுமாக உட்கார்ந்திருந்தாராம்.

அண்ணா வீட்டு வாசலில் நாங்களும் நின்றோம். அக்கா அழவில்லை. தண்ணீர் கொடுத்தார். பிறகு கேட்டார்: “அந்த நேர்த்திக்கடன் யாருக்காகங்க?”

“உனக்காகத்தான்.”

“அப்ப எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்களா? நா பொழைச்சு வந்தது, நீங்க தண்ணியில போறதைப் பாக்கறதுக்குங்களா?”

அண்ணாவுக்கு மறுமொழி இல்லை. எங்களுக்கும் இல்லை. மருத்துவமனை வாசலில் வேப்பமரத்தடியில் அவர் நின்ற அந்த இரவை, அவருடைய பிடிவாதத்தால் அக்காவுக்கு இரண்டு மடங்காகக் கொடுத்துவிட்டு வந்திருந்தோம். அதில் எங்கள் ஐவருக்கும் பங்குண்டு.

அண்ணாவின் மனம் முழுதும் ஆறவில்லை. மீதி வழி பாக்கி இருக்கிறதே என்று பங்குத்தந்தையிடம் சென்று கேட்டார். அவர் சொன்னது எங்களுக்குப் புதிய செய்தி. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, தனிப்பட்ட முறையில் நேர்ந்துகொண்டதை நேர்ந்தவரே அதற்கு இணையான அல்லது அதைவிட மேலான நற்செயலாக மாற்றிக்கொள்ளலாம். நீதியான காரணம் இருந்தால் பங்குத்தந்தை அதிலிருந்து விலக்கு அளிக்கவும் இயலும். “மணப்பாட்டில் நீங்கள் இரண்டு நாள் இறைத்த தண்ணீர், நடக்க வேண்டிய இருபது கிலோமீட்டருக்குக் குறைந்ததா?” என்று பங்குத்தந்தை கேட்டார். அண்ணா சிந்தித்துவிட்டு, “எடை போடறது நம்ம வேலை இல்லீங்க சாமி” என்றார். ஆனால் அன்று முதல் அவர் பாக்கியைப்பற்றிப் பேசவில்லை.

நம்மில் எத்தனை பேர் இறைவனைக் கடன் கொடுத்தவராகவே எண்ணி வாழ்கிறோம்! தவணை தவறினால் வந்து நிற்பாரோ என்று அஞ்சுகிறோம். அந்த அச்சத்தில், யாருக்காக வேண்டிக்கொண்டோமோ அவரையே மறந்துவிடுகிறோம். நேர்ச்சை தவறு என்று சொல்ல வரவில்லை. துன்ப வேளையில் அன்பு வேறு எந்த மொழியில் பேசும்? ஆனால் அன்பில் பிறந்த சொல்லை அன்பைக் கொண்டே நிறைவேற்ற வேண்டும். வழியில் ஆறு குறுக்கிட்டால் நிற்கவும், அங்கே யார் வீட்டில் நீர் புகுந்திருக்கிறது என்று திரும்பிப் பார்க்கவும் அந்தச் சொல்லிலேயே இடம் உண்டு என்பதை நாங்கள் மணப்பாட்டில்தான் கற்றோம்.

இன்னும் ஒன்று பாக்கி. அந்த இரண்டு இரவுகளில் அக்காவும் ஒன்று நேர்ந்துகொண்டாராம். “இவரு திரும்பி வந்தா, தடுத்து நிறுத்தினவங்க யாரா இருந்தாலும் நேர்ல போயிக் கும்புடறேன்னு சொன்னேனுங்க.” எங்களை யாரோ தடுத்திருப்பார்கள் என்று அப்போது அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அது அவருடைய நம்பிக்கை.

2024 பிப்ரவரியில், வானம் வெளுத்த ஒரு நாளில், எல்லாரும் மணப்பாடு சென்றோம், இம்முறை பேருந்தில். முதியவர் வீட்டில் இல்லை. விடியுமுன் கடலுக்குப் போயிருந்தார். அவர் மனைவி பனையோலை பின்னிக்கொண்டிருந்தார். கடலில் போனவர் எப்போது வருவார் என்று அக்கா கேட்டதற்கு, “வாற நேரந்தான்” என்று சிரித்தார். இருவரும் கரைக்குப் போனார்கள். நாங்கள் பின்னால் நின்றோம்.

வெயில் ஏறியது. கடல் அன்று வேறொரு கடலாக, குளம்போல் கிடந்தது. தொலைவில் புள்ளிகளாகத் தெரிந்த வல்லங்களில் எது என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அக்காவுக்குத் தெரியவில்லை. ஆயினும், நெற்றியில் கையை வைத்து, அவரும் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.